முழங்கால் ஆழ மண்



மண்ணைப் பற்றிப் பேச அழைக்கும்போது பெரும்பாலும் வயல் மண்ணைப் பற்றித்தான் கேட்பார்கள். காவிரிப் படுகையின் வண்டலும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் ஆழமான மண். அவற்றைப் பற்றி எழுதியவர்களும் ஏராளம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது செங்குத்தான மலைச்சரிவில், பாறையின் மேல், முழங்கால் ஆழத்துக்கு மட்டும் கிடக்கும் மண். வேளாண் பாடநூலில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். சாகுபடிக்கு ஏற்றதல்ல என்று சொல்லி அடுத்த மண்ணுக்குப் போய்விடுவார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 70 பேரைக் கொன்றது இந்த மண். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் சிதைத்ததும் இதுவே. பெட்டிமுடியில் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள். அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். இந்த மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கத் தமிழ் மண்ணியலாளருக்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் எண்ணம்.

ஆழம் குறைந்த மண் என்றால் எவ்வளவு? இந்திய மண் ஆய்வில் 25 முதல் 50 செ.மீ. வரை உள்ளதை ஆழமற்ற மண் என்றும், அதற்கும் குறைந்ததை மிக ஆழமற்ற மண் என்றும் பிரிக்கிறோம். உலக வகைப்பாட்டில், 25 செ.மீ.க்குள் தொடர்ச்சியான பாறை வந்துவிடும் மண்ணும், கல்லே மிகுந்து நுண்மண் அரிதாக உள்ள மண்ணும் லெப்டோசால் என்ற தொகுதியில் சேரும். பூமியில் மிகப் பெரிய பரப்பில் இருப்பது அந்தத் தொகுதிதான். ஏறத்தாழ 165 கோடி ஹெக்டேர். நாம் அற்பமாக நினைத்து ஒதுக்கிய மண், பரப்பில் முதலிடத்தில் இருக்கிறது.

இதை நேரில் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் வழியிலோ, நீலகிரியின் குந்தா பக்கத்திலோ, புதிதாகச் சாலை வெட்டிய ஓரத்தில் நின்றால் போதும். மேலே ஒரு சாண் கறுத்த மண். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். புல்வேர் பின்னிக் கிடக்கும். குளிரில் மட்கு மெதுவாகச் சிதைவதால்தான் அந்தக் கறுப்பு. அதற்குக் கீழே மஞ்சளும் பழுப்பும் கலந்த, சரளை நிறைந்த மண் இரண்டு சாண் இருக்கும். சரளைக் கற்கள் உருண்டையாக இல்லாமல் கூர்மையாக இருக்கும். அவை ஆற்றில் உருண்டு வந்தவை அல்ல, மேலிருந்து நகர்ந்து இறங்கியவை. பிறகு உளுத்த பாறை. பாறையின் வரியும் நிறமும் அப்படியே தெரியும், ஆனால் விரலால் அழுத்தினால் பொடியும். அது ஒரு விரற்கடையும் இருக்கலாம், ஒரு முழமும் இருக்கலாம். அடியில் கடப்பாறை ஓசை எழுப்பும் கெட்டிப் பாறை. ஆடி மழை நாளில் போய்ப் பாருங்கள்: வெட்டுமுகத்தின் மேல்பகுதி வெறுமனே ஈரமாக இருக்கும், மண் பாறையைத் தொடும் அந்தக் கோட்டில் மட்டும் தண்ணீர் கசிந்து சொட்டும். இன்று நான் சொல்லப்போகும் அனைத்தும் அந்தக் கோட்டில் நடப்பவை.

நீலகிரி முழுவதும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. உதகை, குன்னூர்ப் பக்கத்து மேட்டுநிலங்களில் பாறை பல மீட்டர் ஆழத்துக்கு உளுத்துச் செம்மண்ணாகியிருக்கிறது. அங்கு நடக்கும் மண்சரிவின் போக்கே வேறு. அது தனியாகப் பேச வேண்டியது.

சரிவில் மண் ஏன் ஆழமாவதில்லை? பாறை மண்ணாவது மிக மெதுவாக நடக்கும் வேலை. சரிவோ உண்டான மண்ணைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மண்ணின் ஆழத்துக்கும் புது மண் பிறக்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1877-லேயே அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் எழுதினார். 120 ஆண்டுகள் கழித்து, 1997-ல், ஹெய்ம்சாத்தும் அவருடன் சேர்ந்தவர்களும் கலிபோர்னியாவின் ஒரு பள்ளத்தாக்கில் பெரிலியம்-10 என்ற அணுவைக் கொண்டு அதை அளந்தார்கள். மண்ணே இல்லாத பாறைமுகம் 10 லட்சம் ஆண்டில் சுமார் 77 மீட்டர் அளவுக்கு மண்ணாகிறது; மேலே மண் கூடக்கூட அந்த வேகம் குறைந்து, ஏறத்தாழ 30 செ.மீ.க்கு ஒருமுறை பாதியாகிறது. அதாவது வெறும் பாறையில் ஒரு செ.மீ. மண் உண்டாக ஏறக்குறைய 130 ஆண்டு, 60 செ.மீ. மண்ணுக்கு அடியில் அதே ஒரு செ.மீ.க்கு 500 ஆண்டு. இந்த எண்களை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பொருத்த முடியாது. மழையும் பாறையும் வேறு. ஆனால் நூற்றாண்டுக் கணக்கு என்பதில் ஐயமில்லை. ஒரு மழையிரவில் உரிந்துபோகும் முழங்கால் ஆழ மண், சோழர் காலத்துக்கும் முன்பே உருவாகத் தொடங்கிய மண்.

உண்டான மண் நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. நனைந்து உப்பும்போதும் காய்ந்து சுருங்கும்போதும், மண்புழு கிளறும்போதும், எலி வளை தோண்டும்போதும், மரம் வேரோடு சாயும்போதும், ஒவ்வொரு மண்கட்டியும் கொஞ்சம் கீழ்நோக்கியே விழுகிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். அடிமரம் பள்ளத்தின் பக்கம் வளைந்து பிறகு நிமிர்ந்து மேலெழுவதும், பழைய வேலிக்கால்கள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருப்பதும் இதற்கு அடையாளங்கள். அந்த வகையில் சரிவில் இருப்பது பயணத்தில் இருக்கும் மண். அடுக்கு அடுக்காக முதிர அதற்கு நேரமே கிடைப்பதில்லை. எப்போதும் இளமையாகவே இருக்கிறது.

இனி தண்ணீர். இந்த மண்ணின் கெட்ட பெயருக்கும் நல்ல பெயருக்கும் காரணம் ஒன்றே. மேல்மண் பொலபொலப்பாக இருப்பதால் எவ்வளவு மழையையும் வாங்கிக்கொள்கிறது. சோலைக்குள் கனமழையில் நின்று பாருங்கள், தரையில் நீர் ஓடுவதைக் காண்பது அரிது. எல்லாம் உள்ளே போகிறது. ஆனால் அரை மீட்டர் போனதும் பாறை மறிக்கிறது. உள்ளே போன நீர் பாறை முகத்தோடு பக்கவாட்டில் இறங்குகிறது. மழை நிதானமாகப் பெய்தால் வரவும் செலவும் சமமாகி ஓடைக்குத் தெளிந்த நீர் வந்து சேரும். நம் ஆறுகள் கோடையிலும் ஒழுகுவதில் அந்த ஒழுங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மழை மிஞ்சும்போது கணக்கு மாறுகிறது. பல நாள் மழையில் நனைந்து, வடிய வேண்டியது வடிந்து நிற்கும் மண்ணில், இன்னும் நூற்றுக்கு 15 பங்கு இடம் காலியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 செ.மீ. மண்ணை முழுக்க நிரப்ப 75 மி.மீ. மழை போதும், ஒரு மீட்டர் மண்ணுக்கு 150 மி.மீ. வயநாட்டில் அந்த ஜூலையில் 48 மணி நேரத்தில் பெய்தது 572 மி.மீ. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்துக்கு விடும் மண்சரிவு எச்சரிக்கை, 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு நிலையில் தொடங்கி, 150 மி.மீ. தாண்டினால் வெளியேற்றத்தில் முடிகிறது. என் எளிய கணக்குக்கும் அந்த எல்லைகளுக்கும் உள்ள நெருக்கத்தை மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆடியில் மூழ்கும் இதே மண் மாசியில் வாடும். 50 செ.மீ. மண்ணில் நூற்றுக்கு 40 பங்கு கல் என்றால் உண்மையில் இருப்பது 30 செ.மீ. மண்தான். அதில் செடி உறிஞ்சத்தக்க நீர் ஏறக்குறைய 45 மி.மீ. நாளொன்றுக்கு 4 மி.மீ. செலவானால் 11 நாளில் தீர்ந்துவிடும். 3,000 மி.மீ. மழை பெறும் மலையில் மழை நின்று சில வாரங்களில் புல் காய்ந்து தீப்பிடிக்கிறதே என்று வியப்பவர்கள், மழையின் அளவைப் பார்க்கிறார்கள். அதைச் சேர்த்துவைக்கும் மண்ணின் ஆழத்தைப் பார்ப்பதில்லை.

சரி, 35 பாகைச் சரிவில் இந்த மண் எப்படி நிற்கிறது? முதல் பிடிமானம் உராய்வு. கல்லும் மணலும் ஒன்றோடொன்று உரசி, சுமார் 34 பாகை வரை உலர்ந்த நிலையில் நிற்கும். இரண்டாவது ஈரத்தின் இழுப்பு. ஆற்றோரம் குழந்தைகள் ஈரமணலில் வீடு கட்டுகிறார்களே, சுவர் செங்குத்தாக நிற்பது அந்த இழுப்பினால். முழுக்க நனைந்தால் அந்த வீடு கரைவதும் அது போய்விடுவதால். மூன்றாவது வேர். இம்மூன்றில் முதலிரண்டையும் பெருமழை சேர்த்தே தாக்குகிறது. மண் நிரம்பினால் ஈரத்தின் இழுப்பு அற்றுப்போகிறது. பாறைமேல் தேங்கும் நீரின் அழுத்தம் மண்ணைக் கீழிருந்து தூக்கிப்பிடிக்கிறது. மண்ணின் எடையில் ஏறத்தாழ பாதியை அது தாங்கிக்கொள்வதால், உராய்வும் பாதியாகிறது. உலர்ந்தபோது 34 பாகையில் நின்ற மண், முழுக்க நிரம்பி நீர் சரிவோடு ஓடும்போது 19 பாகைக்கு மேல் உராய்வால் மட்டும் நிற்க முடியாது. நம் மலைகளில் தேயிலை நிற்கும் சரிவுகளில் மிகப் பல இதைவிடச் செங்குத்தானவை. பெருமழை இரவில் அவற்றைப் பிடித்துநிறுத்துவது வேர்.

எல்லா வேரும் ஒன்றல்ல. புல்வேர் மேல் ஒரு சாணைத் தைத்துவைக்கும். பாறை வரை போகாது. சோலை மரங்களின் வேர் பக்கவாட்டில் பின்னிக்கொள்வதோடு, பாறை வெடிப்பு கிடைத்தால் உள்ளே நுழைந்து மண்ணைப் பாறையோடு கட்டுகிறது. மண் ஆழமற்றதாக இருப்பதே இங்கு உதவி. ஆழ்ந்த மண்ணில் எந்த வேரும் அடிவரை எட்டாது. மரத்தை வெட்டினால் பிடிமானம் அன்றே போய்விடுவதில்லை. வேர் மெல்ல உளுக்கும். புது வேர் இன்னும் பரவியிருக்காது. வெட்டிய மூன்றாம் ஆண்டிலிருந்து பத்து, பதினைந்து ஆண்டுகள்வரை சரிவு மிகப் பலவீனமாக இருக்கும் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். வெட்டியவர் வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு மண் சரிவதால் காரணத்தை யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. நியூசிலாந்தில் 1988 மார்ச்சில் போலா புயல் அடித்தபோது, காடழித்து மேய்ச்சல் நிலமாக்கிய குன்றுகள், முதிர்ந்த காடு மூடிய குன்றுகளைவிடப் பல மடங்கு சரிந்தன.

ஆயினும் வேரை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மையில் பாதியை மறைத்தவனாவேன். பெட்டிமுடியில் மண் முதலில் நழுவியது தேயிலைக்குள் அல்ல. அதற்கு மேலே, இரவிகுளம் தேசியப் பூங்காவின் புல்வெளிச் சரிவில். முண்டக்கைக்கு மேலே அது தொடங்கியது 1,550 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள். பொக்லைன் ஏறாத இடங்கள் இவை. குவாரிதான் காரணம், விடுதிதான் காரணம் என்று மறுநாளே தீர்ப்பு எழுதியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. குவாரியும் சாலை வெட்டும் சரிவைக் கெடுப்பது உண்மை. அடிவாரத்தை வெட்டினால் மேலே தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் யாரும் தொடாத சரிவும் தன் காலத்தில் நழுவும்.

எங்கே நழுவும் என்பதை மலையே காட்டுகிறது. எதிர்மலையில் நின்று ஒரு சரிவைப் பாருங்கள். முகடுகளுக்கு இடையே ஓடை தொடங்கும் இடத்துக்கும் சற்று மேலே, கிண்ணத்தின் பாதியைப் போன்ற குழிவு தெரியும். இருபுறமும் இருந்து நகர்ந்து வரும் மண் அதற்குள் சேர்கிறது. முகட்டில் முழங்கால் ஆழம் இருந்தால், குழிவில் இடுப்பளவோ ஆளுயரமோ இருக்கும். மேலிருந்து பாறைமுகத்தோடு வரும் நீரும் அங்கேதான் கூடுகிறது. கூடுதல் மண், கூடுதல் நீர், அடியில் வழுவழுப்பான பாறை. அமெரிக்காவின் மேற்குக் கரை மலைகளில் இத்தகைய குழிவுகளின் அடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்தபோது, பல குழிவுகள் பல ஆயிரம் ஆண்டுகளாக நிரம்பிவந்தவை என்று தெரிந்தது. நிரம்பும், ஒரு பெருமழையில் ஒரேயடியாகக் காலியாகும், மறுபடி நிரம்பத் தொடங்கும். மலை தேய்வதில் இது ஒரு முறையான செயல்.

நம் உயர்மலைகளில் சோலையும் புல்வெளியும் கலந்திருக்கும் காட்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள். முகட்டின் மெல்லிய மண்ணில் புல். குழிவிலும் ஓடைமடிப்பிலும் சோலை. இந்தப் புல்வெளி மனிதர் காடழித்து உண்டாக்கியது அல்ல என்பதை, நீலகிரியின் சதுப்புகளில் உள்ள கரிமத்தை ஆராய்ந்து சுகுமாரும் குழுவினரும் 1993-ல் காட்டினார்கள். மனிதர் அங்கு காட்டைத் திருத்துவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே புல் இருந்திருக்கிறது. பனியும் காற்றும் தீயும் சேர்ந்த காரணங்கள் பல உண்டு. என் கண்ணுக்குப் படுவது இது: மண்ணும் நீரும் மிகுதியாகச் சேரும் ஆபத்தான இடத்தில்தான் வலுவான வேர்களும் இருக்கின்றன. அந்தச் சோலையை எடுத்துவிட்டு ஏலமோ தேயிலையோ வைத்தவர்கள், நல்ல ஆழமான மண் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார்கள். மகிழ்ச்சிக்கு உரிய இடம் அல்ல அது.

குழிவிலிருந்து கிளம்பும்போது மண்ணின் அளவு பெரிதாக இருப்பதில்லை. கிளம்பியபின் ஓடைப்பள்ளத்தில் கிடக்கும் கல், மண், மரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு குழம்பாக இறங்குகிறது. வயநாட்டில் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்தது. குழம்பு ஓடியது சுமார் 8 கி.மீ. ஓடை சமநிலத்தைத் தொடும் வாயில் அது வேகம் தணிந்து விசிறிபோல் பரவி நிற்கும். செங்குத்தான பள்ளத்தாக்குகளில் கிடைக்கும் கொஞ்சநஞ்சச் சமநிலம் பெரும்பாலும் இப்படிப் பழைய சரிவுகள் கொண்டுவந்து கொட்டியது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது யானை அளவு பாறைகள் மண்ணுக்குள் புதைந்திருப்பதைப் பார்த்தால், அவை எப்படி வந்தன என்று ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

தோட்டங்களில் லயம் கட்டியது எங்கே? நல்ல சரிவெல்லாம் தேயிலைக்கு. தொழிலாளிக்கு ஓடைப்பக்கத்துச் சமநிலம்: தண்ணீர் அருகில், கட்டச் செலவு குறைவு. நூறாண்டுக்கு முன் தோட்டக் கணக்குப் போட்டவர்களுக்கு அது சிக்கனமாகத் தெரிந்தது. ஓடைவாய் என்பது குழிவு காலியாகும் பாதை. பெட்டிமுடியில் நான்கு லயங்கள் அந்தப் பாதையில் இருந்தன. இலங்கையின் கொஸ்லந்தையில் 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் புதைந்தபோதும் அடியில் கிடந்தவர்கள் தோட்டத் தமிழர்களே. முண்டக்கையில் 1984-லேயே மண்சரிந்து 14 பேர் இறந்திருக்கிறார்கள். பக்கத்துப் புத்துமலையில் 2019 ஆகஸ்ட் 8-ல் 17 பேர். அதன் பிறகும் முண்டக்கையில் ஆட்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். மண் சரிவதை இயற்கை என்று ஒப்புக்கொள்கிறேன். அதன் வழியில் ஏழைத் தொழிலாளியின் குடும்பத்தைப் படுக்கவைத்தது இயற்கை அல்ல. அது மனிதர் எடுத்த முடிவு. அதை மாற்றும் பொறுப்பும் மனிதருக்கே.

மாற்ற முதலில் வரைபடம் வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுக்க மண்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளை 1:50,000 அளவில் வரைந்திருக்கிறது. பெரிய உழைப்பு அது. ஆனால் அந்த அளவில் 50 மீட்டர் அகலமுள்ள ஒரு குழிவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒரு லயம் மறைந்துவிடுகிறது. மண் வரைபடங்களும் ஒரு மலைமுகம் முழுவதற்கும் 'ஆழம் 25–50 செ.மீ.' என்று ஒரே நிறம் பூசுகின்றன. முகட்டின் ஆழம் அது. குழிவின் ஆழம் எங்கும் இல்லை. தோட்டந்தோட்டமாக, ஓடை ஓடையாக, குழிவுகளைக் குறித்து ஆழம் அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஓர் இரும்புக்கம்பி, ஒரு சம்மட்டி, சரிவுமானி, பொறுமையான இரண்டு மாணவர்கள். குழிவில் இரண்டோ மூன்றோ நீரழுத்தமானிகள் இருந்தால் மழைமானி சொல்லாததையும் அவை சொல்லும்.

வரைபடம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். லயத்தில் இருப்பவர்கள், தோட்டப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், ஆசிரியர்கள் இதைக் கேளுங்கள். தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று கலங்கினாலும், கொட்டும் மழையில் நீர் சட்டென்று குறைந்தாலும், மேலே மண் நழுவியிருக்கலாம், அல்லது ஓடையை அடைத்திருக்கலாம் என்று பொருள். அந்த நிமிடமே ஓடையை விட்டு முகட்டுப்பக்கம் ஏறிவிடுங்கள். இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலும், சரிவுக்குக் குறுக்கே நிலம் வெடித்தாலும், அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம். வெடிப்பை மண் போட்டு மூடி விட்டுவிடாதீர்கள். உள்ளே நீர் இறங்காதபடி தார்ப்பாய் விரித்து, அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மண்ணியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி என்னிடம் வருகிறீர்கள். வால்பாறையிலோ கோத்தகிரியிலோ மேகமலையிலோ ஒரே ஓர் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் உள்ள குழிவுகளில் மண் எத்தனை செ.மீ. என்று அளந்து, கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் அதே தாளில் குறித்து, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் நாளிலேயே ஒரு படியைத் தமிழில் அந்த ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.